ஒரு பாட்டில் கைமாத்து

வலது விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு ஒரு சாண் மேலே, யாரோ கட்டைவிரலை உள்ளே விட்டு அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் வலித்தது. ஒரகடத்திலிருந்து படப்பைப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஆள்மேல் ஆள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வனமாமலை முதுகை இரும்புக் கம்பியில் சாய்த்து, ஆட்டோ பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டான். வாயு என்று முடிவு கட்டியிருந்தான். அவன் வைத்தியத்தில் மனித உடம்புக்கு மொத்தமே இரண்டு நோய்தான். ஒன்று வாயு, இன்னொன்று சூடு. மற்றதெல்லாம் வேலைக்கு வராமலிருக்க ஆள்கள் கட்டிவிடும் கதை.

சட்டைப் பையிலிருந்து வலி மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமலே மென்று விழுங்கினான். எதிரே பிச்சையா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், அவனோடு ஒரே அறையில் கிடப்பவர், சர்க்கரை வியாதிக்காரர். கால் பெருவிரலில் ஆறாத புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தார். அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் வனமாமலைக்கு அருவருப்பு பொங்கும். ஒரு மனுஷன் தன் உடம்பைக்கூட வைத்துக் காப்பாற்ற முடியாதவனாக இருந்தால் அவனுக்கு எதற்குச் சம்பளம், எதற்குச் சோறு?

வனமாமலை அலுமினியம் வார்க்கும் ஷாப்பில் கரண்டி பிடிப்பவன். உலையிலிருந்து கொதிக்கும் குழம்பை நீளக் கரண்டியில் மொண்டு, அச்சில் ஊற்றி, ஆறியதும் உதறி எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மறுபடி மொள்ள வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் காண்ட்ராக்ட் ஆள்தான். கழிப்பறை யார்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. போக வேண்டுமென்றால் கரண்டியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைக் கேட்க சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வனமாமலைக்கு அந்தப் பாடு இல்லை. ஷிப்டுக்கு முன்னால் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து ஒரு தடவை. நடுவில் தண்ணீரே குடிக்க மாட்டான். குடித்தால்தானே போக வேண்டும். ஷாப்பில் அவனை ஒட்டகம் என்று கூப்பிட்டார்கள். அதை ஒரு பட்டம்போலச் சுமந்துகொண்டு திரிந்தான்.

காண்ட்ராக்ட்காரன் தண்ணீர் கேனுக்குக் கணக்குப் பார்ப்பான், வலி மாத்திரைக்குப் பார்க்க மாட்டான். முதலுதவிப் பெட்டியில் அது எப்போதும் நிறைந்தே இருக்கும். இடுப்பு பிடித்தால் ஒன்று, தோள் இறங்கினால் ஒன்று, ஓவர்டைம் என்றால் முன்கூட்டியே ஒன்று. கடலை கொறிப்பதுபோலக் கொறித்தான் வனமாமலை. மாத்திரை போட்டும் நிற்க முடியாதவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

புதிதாக ஓர் அறை கட்டி முடித்திருந்தார்கள். வார்த்த சாமான்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் அறை. ஏசி, நாற்காலி, மேசை. கழிப்பறைகூட அறையை ஒட்டியே இருந்தது. அந்த நாற்காலிகளுக்குக் கரண்டி பிடித்தவர்களிலிருந்தே ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். காண்ட்ராக்ட்காரனின் சூப்பர்வைசர் தசரதன் மூன்று பெயர்களைச் சொன்னான்: வனமாமலை, பிச்சையா, ஜெபகுமார். ஆனால் மெடிக்கல் தேற வேண்டும்.

அதற்கு முன்னால் கேன்டீனில் ஆரோக்கிய விழிப்புணர்வு என்று ஒரு கூத்து நடந்தது. இளவயது டாக்டர் ஒருவர் வந்தார். சுவரில் தோல் உரித்த மனிதன் ஒருவனின் படத்தை மாட்டினார்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் என்று ஒவ்வொன்றையும் குச்சியால் தொட்டுத் தொட்டு, எதற்கு என்ன வியாதி வரும் என்று பட்டியல் வாசித்தார். உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள், மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள். அன்றைக்குக் கேன்டீனில் போட்டது அப்பளமும் ஊறுகாயும்.

ஜெபகுமார் எழுந்தான். சேரப்பணஞ்சேரிக்காரன், சொந்த வீட்டிலிருந்து வேலைக்கு வருபவன். அதனாலேயே வாய் கொஞ்சம் நீளம்.

“டாக்டர் சார், மூணு லிட்டரு குடிச்சா எங்க சார் போறது? கரண்டிலயா?”

கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. டாக்டர் தசரதனைப் பார்த்தார், தசரதன் கூரையைப் பார்த்தான்.

“அது மேனேஜ்மென்ட் பாத்துக்க வேண்டிய விஷயம்,” என்றார் டாக்டர். குச்சியை மூளைக்கு நகர்த்திவிட்டார்.

வனமாமலை படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. உரித்த ஆட்டைக் கறிக்கடையில் பார்த்தவனுக்கு இதில் என்ன புதுசு? “நோஞ்சான் பயலுவளுக்குப் படம் காட்டுதான்,” என்று பக்கத்திலிருந்த பிச்சையாவிடம் சொன்னான். “நல்ல ஒடம்புக்கு எதுக்குவே படம்?”

மெடிக்கல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எடை பார்ப்பார்கள், பிரஷருக்குப் பட்டை கட்டுவதுபோல் கட்டி அவிழ்ப்பார்கள், மூத்திரம் கேட்பார்கள். ரத்தம் எடுத்தால் ஊசி வேண்டும், பஞ்சு வேண்டும், எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மூத்திரம் என்றால் தொழிலாளியே உற்பத்தி செய்து அவனே சுமந்துகொண்டு வந்துவிடுவான். காண்ட்ராக்ட்காரனுக்கு இதைவிட மலிவான விஞ்ஞானம் உண்டா? முந்தின நாளே மூடி போட்ட சின்னப் பாட்டில் கொடுத்துவிடுவார்கள். காலையில் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

அந்தச் சாலை நெடுக, ஆள்கள் வாடகைக்குக் கிடக்கும் அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு நல்ல மூத்திரக்காரன் இருப்பான். சர்க்கரைக்காரன், ராத்திரி ஏற்றிக்கொண்டவன், மஞ்சள் காமாலை வந்து தேறியவன், எல்லாரும் அவனிடம்தான் பாட்டிலை நீட்டுவார்கள். காசு கிடையாது, கைமாத்துதான். இன்றைக்கு நீ கொடுத்தால் நாளைக்கு நான் கொடுப்பேன்.

வனமாமலை அறையில் அந்த நாளை வந்ததே இல்லை. கொடுப்பவன் எப்போதும் அவன்தான். கொடுக்கும்போது அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான். கேட்பவன் வாயால் ஒரு வாசகம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாட்டில் நிறையும்.

மெடிக்கல் அன்று காலையில் பிச்சையா பாட்டிலோடு அவன் பாய்க்கு முன்னால் வந்து நின்றார். வயதில் மூத்தவர். வனமாமலை வாயால் அண்ணாச்சி என்று கூப்பிடுவான், மனசுக்குள் புண்காலன் என்பான்.

“சொல்லும் அண்ணாச்சி.”

“ஏல, வருசா வருசம் இது என்னல?”

“சொன்னாத்தான் வரும். என் மூத்திரம் மரியாதை எதிர்பாக்குது.”

பிச்சையா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். “என் ஒடம்பு உருப்படாத ஒடம்பு. ஒரு பாட்டில் கைமாத்து தாரும்.”

“அப்படிச் சொல்லும்! வாயைக் கட்டத் தெரியாது, லட்டு வேணும், சீடை வேணும். தேன்குழல் மாதிரி ஒடம்ப வச்சிக்கிட்டு ஏசி ரூமுக்கு ஆசைப்படுதீரு.”

வாசலில் பைக் நின்றது. ஜெபகுமார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“அண்ணே, எனக்கும் ஒண்ணு குடுண்ணே. நேத்து மச்சான் வூட்ல விசேஷம். கொஞ்சம் ஓவராய்ட்ச்சி. டெஸ்ட்ல காட்டிக் குடுத்துடும்னு பேஜாரா கீது.”

“குடிகார நாயி வந்துட்டியால? சொல்லு.”

“இன்னாத்த சொல்றது?”

பிச்சையா சொல்லிக் கொடுத்தார். ஜெபகுமார் முதலில் சிரித்தான். வனமாமலை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பிறகு வேகவேகமாக, ஒரு கசப்பு மருந்தை விழுங்குவதுபோல, சொல்லி முடித்தான். “என் ஒடம்பு உருப்படாத ஒடம்பு, ஒரு பாட்டில் கைமாத்து குடுங்கண்ணே. போதுமா?”

“திருப்பித் தரணும்லே, ஞாபகம் வச்சுக்க. ஆனா ஒங்கிட்ட ஏது நல்ல சரக்கு?”

கழிப்பறைக்குள் போய் மூன்று பாட்டிலையும் ஒரே மூச்சில் நிரப்பி வந்தான். அவனுக்கே கொஞ்சம் முக்கித்தான் வந்தது. அதை வெளியே சொல்வானா? ஜெபகுமார் தன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாண்ணே, பீர் மாரி நுரை கட்டிகினு நிக்குது? அடங்க மாட்டேங்குதே.”

“அதாம்ல வீரியம். ஒன் மூத்திரம் பச்சத்தண்ணி. உரமில்லாத ஒடம்புல நுரை வருமா?”

பிச்சையா தம் பங்கைத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். “நுரையெல்லாம் இருக்கட்டும், மூடி ஒழுங்கா மூடியிருக்கான்னு பாரு. போன தடவ டிபன் டப்பா மேல கொட்டித் தொலைச்சுது.”

மூவரும் ஒரே ஆளின் மூத்திரத்தைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தசரதன் மூன்று பேரையும் ஸ்டோர் ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டான். படித்த பையன், வெள்ளை ஹெல்மெட், கையில் செல்போன். காண்ட்ராக்ட்காரனுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால்தான் அவன் படிப்புக்கு இந்த வேலை கிடைத்தது.

“இன்னாங்கடா, டபாய்க்கிறீங்களா? மூணு பேருக்கும் அல்புமின் மூணு பிளஸ். மூணு பேருக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. மூணு பேரும் ஒரே கிட்னில ஓடுறீங்களா? ஒரே டேங்க்குல மூணு பைப்பா?”

ஜெபகுமார்தான் கேட்டான். “மூணு பிளஸ்னா நல்லதா சார்?”

“நல்லதா? கிட்னி பூட்ச்சின்னு அர்த்தம்டா பேமானி! சத்தெல்லாம் மூத்திரத்துல ஒழுவுதாம். லேப்காரன் போன் பண்ணி சிரிக்கிறான்.” தசரதன் குரலைத் தாழ்த்தினான். “இது யாரோடதுன்னு எனக்குத் தேவையில்ல. எனக்குத் திங்கக்கிழமை அந்த ரூம்ல மூணு தலை வேணும். சனிக்கிழமை ரிப்பீட். அன்னிக்கும் அன்ஃபிட்னு வந்தா ஏசி ரூமும் இல்ல, உலையும் இல்ல. கிட்னி பூட்டவன உலைகிட்ட நிறுத்தி அவன் சுருண்டு வுழுந்தா என் தலை உருளும். ஊருக்குப் பஸ் ஏறிட வேண்டியதுதான்.”

அவன் போனதும் பிச்சையா மெதுவாகத் திரும்பினார். அவருக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் குறைவு.

“என் மூத்திரத்துல சீனி மட்டுந்தாம்ல இருந்திருக்கும். சீனிக்கு மாத்திரை இருக்கு, எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன். வீரியம்னு சொல்லி எமனையாம்ல பாட்டில்ல புடிச்சுக் குடுத்த?”

“லேப்காரன் மாத்திப்புட்டாம் அண்ணாச்சி. பாட்டில் அழுக்கு. எனக்காவது, கிட்னியாவது.”

ஜெபகுமார் பைக்கை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வனமாமலை கேன்டீனுக்குள் போனபோது படம் இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற ஆளில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபடி, முதல் தடவையாக அந்த உரித்த மனிதனைப் பார்த்தான். முன்பக்கத்தில் தேடினான், கிட்னி கிடைக்கவில்லை. அது தொப்புளுக்குக் கீழே எங்கேயோ, மூத்திரப் பைக்குப் பக்கத்தில் இருக்கும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். பின்பக்கப் படத்தில் இருந்தது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், விலாவுக்கு அடியில், பெரிய மொச்சைக்கொட்டை மாதிரி ஒவ்வொன்று. வலது பக்கக் கொட்டையைப் பார்த்துக்கொண்டே தன் முதுகுக்குக் கையைக் கொண்டுபோனான். கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும் அதே இடம்.

சாம்பார் தட்டிலிருந்து சட்டையில் வழிந்தது. வாயு என்று மறுபடி சொல்லிப் பார்த்தான். சரியாக ஒட்டவில்லை.

மாலையில் படப்பையில் ஒரு சின்ன லேபுக்குப் போனான். கடை மாதிரி இடம். பக்கத்தில் செல்போன் ரிப்பேர், மேலே டியூஷன் சென்டர். ஷெர்லின் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கொடுத்த புதுப் பாட்டிலை அவன் கழுவிவிட்டுத்தான் நிரப்பினான். அழுக்கு என்ற சாக்கு இனி இருக்கக் கூடாது. அவள் ஒரு பட்டைத் தாளை அதில் முக்கி எடுத்தாள். தாள் பச்சையாக மாறியது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

“உங்களோடதுதானாண்ணா?”

“பின்ன? அடுத்தவன் மூத்திரத்தக் கொண்டாந்து நான் ஏம்மா காசு குடுத்துப் பாக்கேன்?”

“இந்தப் பக்கம் கேக்காம இருக்க முடியாதுண்ணா. வாரத்துக்கு நாலு பேரு அடுத்தவங்களத எடுத்துகினு வர்றாங்க.” அவள் சிரிக்கவில்லை. “காலையில மூஞ்சி உப்பிக்குதா? ஷூ டைட்டாவுதா?”

“உலைகிட்ட நிக்கிறவனுக்குக் காலு வீங்கத்தான் செய்யும்.”

“வலி மாத்திரை போடுவீங்களா?”

“எப்பவாச்சும்.”

“எப்பவாச்சும்னா தினமும்தானே? எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. கணுக்காலுக்கு மேல விரலால அழுத்திப் பாருங்க. எலும்பு மேல. நான் இல்ல, நீங்களே.”

குனிந்து சாக்ஸை இறக்கிவிட்டு அழுத்தினான். எடுத்தான். பரோட்டா மாவில் கட்டைவிரல் வைத்து எடுத்ததுபோல ஒரு குழி விழுந்தது. அது நிறையவே இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து வருஷத்துக்கு மேலாக அவன் மெச்சிக்கொண்டு திரிந்த கால் அது. யாருடைய காலோ வந்து ஒட்டிக்கொண்டதுபோல, அசையாமல், குழியோடு நின்றது.

“நான் டாக்டர் இல்லண்ணா. செங்கல்பட்டு ஜிஎச்சுக்குப் போயி ரத்தத்துல கிரியாட்டினின் பாக்கச் சொல்லுங்க. இந்த வாரமே. அந்த மாத்திரைய இன்னிக்கே தூக்கிப் போடுங்க. தண்ணி அவங்க சொல்ற அளவு குடிங்க.”

“சனிக்கிழமைக்குள்ள சரியாகுமா?”

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிறகு ஏதோ நினைவு வந்து சொன்னாள்: “நேத்து உங்க கம்பெனி சட்டை போட்ட ஒரு அண்ணன் வந்தாரு. ரொம்ப கோவமா. அவரோடது சுத்தம். ஒண்ணுமே இல்ல, கண்ணாடி மாரி இருந்துச்சி.”

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவனுக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சரக்கு, கோழிக் கால், சிகரெட், தூக்கம் கெட்ட கண். அப்பேர்ப்பட்ட பயலுடையது கண்ணாடி. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நெய்யும் தொடாமல், சொட்டும் குடிக்காமல் வைத்திருந்த உடம்பு ஓட்டை. கையை விட்டுச் சட்டைப் பையில் துழாவினான். மாத்திரை அட்டை இருந்தது. தூக்கிப் போடத்தான் எடுத்தான். பஸ் வர நேரமாயிற்று, வலி ஏறியது, ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

அறையில் பிச்சையா தரையில் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னான். காலில் விழுந்த குழியைச் சொல்லவில்லை.

“ஆசுபத்திரிக்குப் போ,” என்றார் அவர்.

“போனா படுக்கச் சொல்லுவான். திங்கக்கிழமை அந்த நாற்காலில வேற எவனாச்சும் உக்காந்திருப்பான். ஊருக்குப் போயி நான் என்னத்தப் புடுங்க? நாற்காலி கெடச்சுட்டா உலை கெடையாது, வெக்கை கெடையாது. கக்கூஸ் பக்கத்துலயே இருக்கு. ஒடம்பு தானா தேறும்.”

“அப்ப ஜெபகுமாருட்ட கேளு. நான் நேத்தே கேட்டுட்டேன். தாரேன்னுட்டான்.”

“அந்தக் குடிகாரப் பயகிட்டயா?”

“கண்ணாடி மாதிரி இருக்காம்லா.” பிச்சையா துணியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். “வாய் இருக்குல்லா ஒனக்கு? எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த வாய்தானே. கேளு.”

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஜெபகுமார் நின்றிருந்தான். நாலைந்து ஷாப் ஆள்கள் கூட இருந்தார்கள். வனமாமலை அவனைத் தனியாக ஒதுக்கிப் பேசப் பார்த்தான். ஜெபகுமார் இடத்தைவிட்டு அசையவில்லை.

“இங்கயே சொல்லுண்ணே. இன்னா மேட்டரு?”

“நாளைக்கு... ஒரு பாட்டில்.”

“இன்னா பாட்டிலு? குவார்ட்டரா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வனமாமலைக்குக் காது சூடேறியது. “ஏல, தெரியாத மாதிரி பேசாத. ஒன்னோடது நல்லா இருக்காம்லா. ஒண்ணு புடிச்சுக் குடு.”

“ஆமாண்ணே, என்னோடது பச்சத்தண்ணி. உரமே இல்ல, நுரையே வராது. உனுக்கு இன்னாத்துக்கு அது?” டீயை ஒரு மடக்கு உறிஞ்சினான். “உன் நுரைய நம்பி என் வேலையே போயிருக்கும். என்னோடத குடுத்திருந்தா அன்னிக்கே பாஸு. எங்க வூட்ல என் சம்சாரம் அன்னிக்கு நான் டெஸ்ட் பண்ணிகினு வர்ற வரைக்கும் சாப்புடல, தெர்யுமா? கிட்னி பூட்ச்சின்னு ஜெபம் பண்ணிகினு உக்காந்துகினு இருந்துச்சி.”

“சரி, தப்புதான்.”

“தப்பெல்லாம் வேணாம். உன் சட்டம் ஒண்ணு கீதுல்ல? அத்த சொல்லு.”

வனமாமலை சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் அவன் வாயால் ஒரு தடவையாவது நோஞ்சான் என்று பெயர் வாங்கியவர்கள். ஒருவனை மூலக்காரன் என்றிருந்தான், ஒருவனை இருமல் மிஷின் என்றிருந்தான், டீ ஆற்றுகிறவனின் குடலிறக்கத்தைக்கூட அவன் விட்டுவைத்ததில்லை. ஒருவனும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை, ஒருவனும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

தொண்டை வறண்டிருந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்கவில்லை.

“என் ஒடம்பு,” என்றான். நின்றான். முதுகில் கட்டைவிரல் அழுத்தியது. “என் ஒடம்பு உருப்படாத ஒடம்பு. ஒரு பாட்டில் கைமாத்து குடு.”

“குடுங்க.”

“குடுங்க.”

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. இருமல் மிஷின் மட்டும் இருமினான். ஜெபகுமாருக்கே அது முடிந்தவிதம் பிடிக்கவில்லைபோல. கிளாஸை வைத்துவிட்டு, “காலைல வூட்டாண்ட வா. தண்ணி குட்ச்சிட்டு ரெடியா கீறேன்,” என்றான். பைக்கில் உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “கைமாத்துண்ணே. தானம் இல்ல. திருப்பணும்.”

சனிக்கிழமை மூன்று பாட்டிலும் ஒரே நிறத்தில் போயின. மூன்றும் சுத்தமாக வந்தன. மூன்று பேரும் மறுபடி ஒரே கிட்னியில்தான் ஓடினார்கள். தசரதன் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சுத்தமான பொய்யென்றால் கம்பெனிக்குக் கண் தெரியாது. மூவருக்கும் ஃபிட் என்று போட்டார்கள். டாக்டர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போனார், அங்கேயும் தண்ணீர் குடிக்கச் சொல்ல.

திங்கட்கிழமையிலிருந்து வனமாமலை நாற்காலியில் உட்கார்கிறான். சாமானை அளவுக் கருவியில் பொருத்திப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கமும் ஓட்டை விழுந்ததை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். வேலை சுலபம். குளிர் எலும்பில் ஏறுகிறது. மத்தியானத்துக்குள் ஷூ கால்களைக் கவ்விக்கொள்கிறது, மேசைக்கு அடியில் கயிற்றை அவிழ்த்துவிட்டுக்கொள்கிறான். கழிப்பறை பத்தடியில் இருக்கிறது. போகிறான், நிற்கிறான், கொஞ்சமாகத்தான் வருகிறது. வருவது நுரைத்துக்கொண்டு வருகிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றிவிடுகிறான்.

செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். சேர்ந்தவுடன் லீவு கேட்டால் சந்தேகம் வரும் என்று முதல் மாதம் போகவில்லை. இரண்டாவது மாதம் ஓவர்டைம் இருந்தது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறான், அதாவது அப்படிச் சொல்லிக்கொள்கிறான். பிச்சையா பக்கத்து மேசையிலிருந்து அவ்வப்போது அவன் முகத்தைப் பார்ப்பார். காலையில் இமை வீங்கியிருக்கும். “எப்பம்ல போற?” என்று கேட்பார். “போவணும் அண்ணாச்சி” என்பான். அவர் புண் முக்கால்வாசி ஆறிவிட்டது. உலைக்கு முன்னால் நிற்காததால் இருக்கலாம்.

தசரதன் ஒரு நாள் அறைக்குள் தலையை நீட்டி, அடுத்த மாதம் எல்லாருக்கும் வருஷாந்திர மெடிக்கல் என்று சொல்லிவிட்டுப் போனான். பாட்டில் முந்தின நாளே தருவார்களாம்.

ஜெபகுமார் நாற்காலியைச் சுழற்றி வனமாமலை பக்கம் திரும்பினான். முகத்தில் நக்கல் இருந்தது, ஆனால் கண் வேறெதையோ பார்த்தது. மேசைக்கு அடியில் அவிழ்ந்து கிடந்த ஷூ கயிற்றைத்தான்.

“அண்ணே, அந்த வாரம் எங்க சர்ச்சு திருவிழா. நான் ஃபுல்லா ஏத்திகினு கெடப்பேன். என்னோடது தேறாது. கைமாத்து ஞாபகம் கீதா?”

“கீது,” என்றான் வனமாமலை. அந்த ஊர்ப் பேச்சு முதல் தடவையாக அவன் வாயில் வந்தது.

கையிலிருந்த சாமானைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே காற்றுக்குமிழ் விழுந்து ஓட்டை. அந்தப் பக்கம் வைத்தான்.

ஜெபகுமாருக்கு அவன் ஒரு பாட்டில் நல்ல மூத்திரம் தர வேண்டும். இன்னும் தரவில்லை.